மலையில் இருந்துகொண்டே ஓவியராகவும் டிசைனராகவும் பிழைக்க முடியுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, டீ பாக்கெட் லேபிள், ஹோம்ஸ்டே சுவர் ஓவியம், வார இறுதியில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு என்று வருவதையெல்லாம் செய்கிறார். வீட்டில் "ஏதாவது ஒண்ணை உருப்படியா செய்" என்கிறார்கள். உடன் படித்தவர்கள் பெங்களூருக்கு வரச் சொல்கிறார்கள். மலையிலேயே இருந்து பிழைக்க முடியுமா, எதை விடுவது, எவ்வளவு கேட்பது, ஜூலையில் கூடலூர் பக்கம் ஒரு ரிசார்ட்டின் வெளிச்சுவரில் வரையக் கூப்பிடுகிறார்களே, ஒப்புக்கொள்ளலாமா? இவைதான் கேள்விகள்.

நான் குன்னூரில் இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பிழைக்க முடியும். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன். எதையும் விட வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த மலையில் எந்த ஒரு வேலையும் பன்னிரண்டு மாதத்துக்கும் கிடைக்காது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள்தான் கடையை மூடிவிட்டுக் கீழே இறங்கினார்கள். பல வேலை செய்பவர் சிதறிப்போவார் என்று வீட்டில் பயப்படுவது புரிகிறது. ஆனால் எல்லா வேலையையும் செய்வது ஒரே கைதான். அந்தக் கை ஒழுங்காக வளர்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

நான் தொடங்கியது போர்டு எழுதும் ஒரு அண்ணனிடம். குன்னூரில் பெட்ஃபோர்ட் பக்கம் ஒரு சந்தில் அவர் கடை. முதல் ஆறு மாதம் எனக்குத் தூரிகை கொடுக்கவில்லை. தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, சாக்பொடி தேய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவது, இவ்வளவுதான். அப்புறம் எழுத்து. ஒரு மாதம் முழுக்க "க" மட்டும். "க ஒழுங்கா நின்னா மத்த எழுத்து தானா வரும்" என்பார். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வருவதற்கு முன்னால் கற்றுக்கொண்டவர் அவர். துதிக்கை போலச் சுழித்து எழுதும் பழைய லை, னை எல்லாம் அவர் கையில் அப்படி அழகாக வரும். இன்றைக்கும் மேல் குன்னூரில் ஒரு பழைய கடைப் பலகையில் அந்த எழுத்து மங்கலாக இருக்கிறது, போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். தூரிகை நுனியை அவர் வாயில் வைத்துத்தான் கூராக்குவார். எனாமல் பெயிண்டில் ஈயம் இருந்த காலம் அது. 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தயவுசெய்து நீங்கள் தூரிகையை வாயில் வைக்காதீர்கள். குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டுத் தின்னர் கலக்கவும் செய்யாதீர்கள்.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. மூன்று நாள் எழுத வேண்டிய போர்டு ஒரு மணி நேரத்தில் கோவையிலிருந்து அச்சாகி வந்து நின்றது. அண்ணன் தொழிலை விட்டார். நான் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இறங்கினேன். பை, பேனர் துணி, பத்திரிகை, ஸ்டிக்கர். அதிலிருந்து கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் கோரல் டிரா. அதிலிருந்து டீ லேபிள். வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் கல்லூரி இருக்கிறது, படிக்க வரும் அதிகாரிகள் வருடத்துக்கு வருடம் மாறுவார்கள். ஊரை விட்டுப் போகும்போது நினைவுக்கு ஒரு மலை ஓவியம் வாங்கிப் போவார்கள். அப்படித்தான் வாட்டர்கலர் என் சம்பாத்தியத்தில் சேர்ந்தது. பிறகு காட்டுயிர் அறிவிப்புப் பலகைகள், ஹோம்ஸ்டே சுவர்கள். தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். நீலகிரியில் கட்டுப்பாடு அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது. இப்போது கஃபேக்காரர்களும் ஹோம்ஸ்டேக்காரர்களும் மரப் பலகையில் கையால் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். அந்த "க" இருபது வருடம் கழித்து எனக்குச் சோறு போடுகிறது. அதனால்தான் எதையும் விடாதீர்கள் என்கிறேன். ஒரு வேலை ஓய்ந்துபோனால் செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இனி வருடக் கணக்கு. ஏப்ரல், மே சீசன். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, உங்கள் ஊர் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி. ஸ்டால், போர்டு, வளைவு எல்லாம் கடைசி நேரத்தில்தான் வரும், தூக்கம் இருக்காது. ஜூன் பாதியில் எல்லாம் அடங்கிவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது, பத்திரிகை வேலையும் படுத்துவிடும். ஆனால் தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கான டீ, சாக்லெட், தைல லேபிள் வேலை ஆகஸ்டிலேயே தொடங்கும். வெளியே மழை கொட்டும்போது உட்கார்ந்து செய்யத் தோதான வேலை அது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். அப்புறம் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியைப் பிடித்துக்கொள்ளும். மார்கழி முடிந்து தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த வெயில், அது சுவருக்கான காலம். இதை ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்த மாதத்துக்கு ஒரு வேலையைத் தேடுங்கள். நான் வகுப்பு எடுக்கத் தொடங்கியதே என் நவம்பர் கட்டம் காலியாக இருந்ததால்தான்.

"ஒண்ணை உருப்படியா செய்" என்பவர்களிடம் சொல்ல உங்களுக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தார், ஸ்டூடியோ நடத்தினார், சிவகாசியில் அச்சான அவருடைய காலண்டர் சாமி படங்கள் தமிழ்நாட்டுப் பூஜை அறையெல்லாம் போய்ச் சேர்ந்தன. கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு நின்ற ஓவியர்களும் 1966-இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணம்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. காலையில் பாத்திக், மாலையில் தன் ஓவியம் என்று வாழ்ந்தவர்களை இன்று யாரும் சிதறிப்போனவர்கள் என்று சொல்வதில்லை. ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர், பத்திரிகைகளுக்குக் கோட்டோவியமும் தலைப்பெழுத்தும் தந்தவர், அரூபமாகப் பெரிய கேன்வாஸ்களும் வரைந்தவர். அவருடைய தலைப்பெழுத்தை உற்றுப் பாருங்கள், கோட்டோவியத்தில் ஓடிய அதே கை அங்கேயும் ஓடுவது தெரியும்.

படிப்பில் சொல்லித்தராத ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மஞ்சு, அதாவது மலையில் ஏறி வரும் பனிமூட்டம். நம் மலையில் தொழில் செய்பவருக்கு முதல் எதிரியும் முதல் வாத்தியாரும் அதுதான்.

என் முதல் பெரிய சுவர் ஒரு நவம்பர் மாதம். பன்னிரண்டு அடிக்கு எட்டடி. மதியம் ஒரு மணிக்கு நல்ல வெயில். தூரத்து மலைக்கு நீலத்தைத் தண்ணீர் விட்டு மெலிதாக்கி மூன்று அடுக்கு ஏற்றினேன், மிக நன்றாக வந்தது. நாலு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறியது. நான் இன்னும் ஒரு அடுக்கு போட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன். சுவர் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலை வந்து பார்த்தால் மலையெல்லாம் கோடு கோடாக வழிந்து கீழே தேயிலைப் பச்சைக்குள் இறங்கியிருந்தது. ராத்திரிப் பனியீரம் சுவரில் படிந்து, கெட்டிப்படாத பெயிண்டைக் கரைத்துவிட்டது. அக்ரிலிக் எமல்ஷனில் தண்ணீர் வெளியேறிய பிறகுதான் உள்ளே இருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலம் ஆகும். பொதுவாக 10 டிகிரிக்குக் கீழே போனால் அது சரியாக ஒட்டாது. மேலே தோல் காய்ந்து, உள்ளே பச்சையாக இருக்கும். எனாமல் வேறு மாதிரி, அது காற்றோடு சேர்ந்து இறுகுவது. குளிரில் நாள் கணக்கில் பிசுபிசுக்கும், பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும்.

அன்றிலிருந்து என் நேரம் காலை பத்து முதல் இரண்டரை வரை. அதற்குமேல் எவ்வளவு கெஞ்சினாலும் வெளிச்சுவரில் தூரிகை வைக்க மாட்டேன். சுவரை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு சோதனை: ஒரு முழம் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஓதம், அதாவது ஈரக்கசிவு இருக்கிறது. மேலே என்ன கம்பெனி பெயிண்ட் போட்டாலும் கொப்பளிக்கும். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு ஒட்டி இருக்கும், அங்கே ஓதம் போகவே போகாது. அந்தச் சுவரை மறுத்துவிட்டு எதிர்ச்சுவரைக் கேளுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து, திரும்பப் பூக்கிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டும். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும், சிமெண்டின் காரம் சாயத்தைத் தின்றுவிடும்.

ஆனால் அதே மஞ்சு எனக்குக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. மழை மாதத்தில் வாட்டர்கலர் பேப்பர் அரை மணி நேரம் ஈரமாகவே இருக்கும். சமவெளியில் இருப்பவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த சாம்பலை ஈரத்தின் மேலே விட்டால், சோலைக்காட்டின் விளிம்பு மஞ்சில் கரைவது தன்னால் வரும். அதை வேகமாகக் காயும் ஊரில் செய்வது கஷ்டம். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காட்டன் பேப்பர் வாங்குங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பேப்பரிலும் கேமரா லென்ஸிலும் பூஞ்சை பிடித்தால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

இன்னொன்று, பார்த்து வரைவது. பல வருடம் முன்பு ஒரு காட்டுப் பாதையின் முகப்புக்கு வரையாட்டுப் பலகை கேட்டார்கள். நான் வீட்டிலேயே வரைந்து எடுத்துப் போனேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அங்கே நின்றிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரையாட்டுக்குத் தாடி கிடையாது சார்" என்றார். ஊர் ஆட்டை மனதில் வைத்துக்கொண்டு நான் தாடி போட்டிருந்தேன். அவர் குச்சியை எடுத்து மண்ணில் கொம்பை வரைந்து காட்டினார்: பின்னால் வளையும், முறுக்கு இருக்காது, வரி வரியாக இருக்கும். முதிர்ந்த கிடா கறுத்துப்போய், முதுகில் சேணம் போட்ட மாதிரி வெள்ளி நிறம் ஏறியிருக்கும். கிடாவுக்கு மட்டும் இல்லை, பெட்டைக்கும் கொம்பு உண்டு. பலகையைத் திருப்பி எடுத்து வந்தேன். அடுத்த முறை அவரோடு போய் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, குளிரில் விரல் விறைக்க, நோட்டுப் புத்தகத்தில் நாற்பது சின்னச் சின்னப் படம் போட்ட பிறகுதான் அந்தப் பலகையை முடித்தேன். அந்த நாற்பது படத்திலிருந்து பின்னால் ஒரு டீ டப்பா, இரண்டு டி-ஷர்ட், ஒரு பள்ளிச் சுவர் வந்தது.

மலை ரயிலும் அப்படித்தான். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானதிலிருந்து எல்லாக் கடையிலும் அந்த ரயில் படம் விற்கிறது. பாதிப் படத்தில் இன்ஜின் முன்னால் நின்று மேலே இழுத்துக்கொண்டு போகும். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் ஏறும்போது இன்ஜின் இறக்கத்துப் பக்கம், அதாவது பின்னால் நின்று தள்ளும். 12.5 அடிக்கு ஒரு அடி ஏற்றம், பெட்டி கழன்றால் உருண்டுவிடக் கூடாது என்பதற்காக. தினமும் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்த நம் கையில் இந்தத் தப்பு வரலாமா? மலையில் இருப்பவருக்கு நகரத்து டிசைனரைவிடக் கூடுதலாகக் கிடைப்பது இதுதான். நேரில் போய்ப் பார்க்க ஒரு மணி நேர நடை போதும்.

டீ லேபிள் பற்றிச் சுருக்கமாக. சிறு விவசாயிகள் சொந்தமாகப் பாக்கெட் போடத் தொடங்கிய பிறகு இந்த வேலை நிறைய வருகிறது. படம் வரைவதற்கு முன்னால் கட்டாயமாக இருக்க வேண்டியவற்றுக்கு முதலில் இடம் பிடித்து வையுங்கள்: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண், நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, பேக் செய்த தேதி, முகவரி, புகார் சொல்ல ஒரு எண், சைவம் என்று காட்டும், சதுரத்துக்குள் பச்சை வட்டம். லேபிளின் முகப்பு 100 சதுர செ.மீ. வரை இருந்தால் அந்த வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ. வேண்டும். அழகுக்காக அதைச் சுருக்கினால் பத்தாயிரம் பாக்கெட் அச்சான பிறகு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டி வரும். "நீலகிரி" என்று தேயிலை வாரியத்தின் முத்திரை ஒன்று இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இணையத்திலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது, அதற்கு அனுமதி வேண்டும். சிவகாசிக்கோ கோவைக்கோ ஃபைல் அனுப்பும்போது எழுத்தையெல்லாம் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் மெஷினில் அந்த ஃபாண்ட் இல்லாமல் "தேயிலை" வேறு ஏதோவாக அச்சாகும். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும்போது போகும் ஓரம் விடுங்கள்.

உரிமை விஷயத்தில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு விடுதிக்குச் சுவர் வரைந்தேன். பாதிப் பணம் எட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் அந்தச் சுவரைப் படம் எடுத்துக் கோப்பையிலும் பையிலும் அச்சடித்து வரவேற்பறையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். கேட்டால், "உங்களுக்குத்தான் காசு கொடுத்தாச்சே" என்றார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஒப்பந்தம் இல்லாதது என் குறை. அதனால் இப்போது ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணம் வாங்குகிறேன்: ஓவியம் இந்தச் சுவருக்கு மட்டும், பதிப்புரிமை என்னுடையது, வேறு பொருளில் அச்சடிக்கத் தனிக் கட்டணம். உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தாலும் எத்தனை வருடம், எந்த ஊர் வரை என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம், இந்தியா முழுக்க என்று எடுத்துக்கொள்ளும். உரிமையை விற்றாலும் வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். சுவரின் ஓரத்தில் கூச்சப்படாமல் பெயர் எழுதுங்கள். அந்தக் காலப் போர்டுகாரர்கள் எல்லோரும் மூலையில் "ஆர்ட்ஸ்" என்று போட்டுக் கையெழுத்து வைத்தவர்கள்தானே.

எவ்வளவு கேட்பது? ஊரில் மற்றவர் என்ன வாங்குகிறார் என்று பார்த்துக் கேட்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து வாருங்கள். வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், வருடம் 3,60,000. கம்ப்யூட்டர், பெயிண்ட், வண்டி, வாடகைக்கு 60,000. மொத்தம் 4,20,000. மழை, பண்டிகை, ஆள் தேடி அலைவது, பில் போடுவது, சும்மா வரைந்து பழகுவது எல்லாம் போக, காசு வரும் நாள் வருடத்துக்கு 120 என்பது என் அனுபவம். அப்படியானால் ஒரு நாளைக்கு 3,500. ஒரு சுவருக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பெருக்கி, பெயிண்ட் செலவு சேர்த்து, அதன்பிறகு அவர்கள் கேட்கிற சதுர அடிக் கணக்குக்கு மாற்றிச் சொல்லுங்கள். தேயிலைச் சரிவும் சோலை மரமும் ஒரே சதுர அடி விலை ஆகாது, சோலை மரத்துக்கு மூன்று மடங்கு நாள் பிடிக்கும். பாதி முன்பணம், வேலை பாதி முடிந்ததும் கால் பங்கு, மீதி கடைசி நாள் ஏணியை இறக்கும் முன். கம்பெனிகள் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள், பிடித்த பணம் திரும்ப வரும். பல வருடம் அதைச் சும்மா விட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீலகிரிப் பழங்குடியான தோடரின் பூத்தையல் மாதிரி ஒன்றை வரைந்து மெனு கார்டில் போட்டுத் தாருங்கள் என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, மேலே எதுவும் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் தையல் அது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் இருப்பது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அதை நகல் எடுப்பதில்லை. அந்தப் பெண்களிடமே ஒரு துணி வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுங்கள் என்று சொல்லி, ஆளையும் காட்டிவிடுவேன். குறும்பர் ஓவியமும் அப்படியே. வெள்ளரிக்கொம்பை பக்கத்துப் பாறை ஓவியங்களோடு தொடர்புடைய மரபு, வேங்கை மரத்துப் பிசினில் வரும் அந்தச் செம்பழுப்பை அவர்கள் கையிலேயே பார்க்க வேண்டும். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு வந்தால் போங்கள், அவர்கள் பெயரை உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள். ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் முழுக்க நோட்டுப் புத்தகத்தோடு அங்கே இருங்கள்.

பெங்களூர் பற்றி: அச்சுத் தொழில்நுட்பமோ எழுத்துரு வடிவமைப்போ ஆழமாகக் கற்க ஆசை இருந்தால் இரண்டு வருடம் போய் வாருங்கள், நல்லதுதான். இங்கே வேலை இல்லை என்று பயந்து போக வேண்டாம்.

கடைசியாக அந்தக் கூடலூர்ச் சுவர். ஜூலையில் வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கம் சுவர் காய வழியே இல்லை, நாலு நாள் வேலைக்கு நீங்கள் நாற்பது நாள் அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். முடியாது என்று மட்டும் சொல்லி வேலையை விடவும் வேண்டாம். இரண்டு வழி சொல்லுங்கள். ஒன்று, ஜனவரி கடைசிக்குத் தள்ளிப்போடுவது, இப்போதே முன்பணம் வாங்கிக்கொண்டு ஓவியத்தின் மாதிரியை மட்டும் முடித்துத் தருவது. இரண்டாவது, அவர்கள் அவசரப்பட்டால், எட்டுக்கு நாலு சிமெண்ட் போர்டு வாங்கி, இரண்டு பக்கமும் ஓரமும் பிரைமர் அடித்து, உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து வரைவது. போர்டு சந்திக்கும் கோட்டை மரத்தண்டிலோ பாறை விளிம்பிலோ வரும்படி வரைந்தால் இணைப்பு தெரியாது. சுவருக்கும் போர்டுக்கும் நடுவில் காற்று போக அரை அங்குலம் இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு போட்டு மாட்டச் சொல்லுங்கள், இரும்புத் திருகு முதல் மழையிலேயே துரு வடித்துவிடும். மாட்டுகிற ஆள் கூலியும் மலையிறக்கும் வண்டி வாடகையும் அவர்கள் பொறுப்பு என்பதைக் கையெழுத்துப் போடும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.